இன்னும் பத்துக் கணக்கு போட்டால் புரிந்துவிடுமா?

பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையா, டியூஷனில் சேர்த்துவிடு. அங்கே பள்ளிப் பாடத்தை மறுபடி நடத்துவார்கள், நிறையக் கணக்கு கொடுப்பார்கள், போடப் போடத் தானாக வந்துவிடும். தொடக்கப் பள்ளியில் பிள்ளை படிக்கும் வீடுகளில் இன்று கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்படும் கருத்து இதுதான். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் சொல்கிறார், பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள், பாட்டியும் சொல்கிறார். இந்தக் கருத்து தவறானது, பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வது என்பதே என் வாதம். பள்ளிக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்து கணக்கு சொல்லிக் கொடுப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மிகவும் வேண்டும் என்பதால்தான், இன்று அந்தப் பெயரில் நடப்பதை எதிர்க்கிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகள். ஆசிரியருக்குப் பாடத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடி. அப்பா வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிறது. அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசை இருந்தாலும், இப்போதைய புத்தகத்தின் முறை பிடிபடுவதில்லை. தெருவிலேயே ஒரு அக்கா சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்து, ஹோம்வொர்க்கை முடித்து அனுப்புகிறார். அடுத்த பரீட்சையில் மதிப்பெண் ஏறுகிறது. பயிற்சி இல்லாமல் கணக்கு வராது என்பதும் மறுக்க முடியாத உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவற்றில் எதுவும் பிள்ளைக்குக் கணக்கு புரிந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது.

1. நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நான்காம் வகுப்புக் கணக்கில்தான் தடுமாறுகிறது என்று யார் சொன்னது?

டியூஷனின் முழு ஏற்பாடும் இந்த ஊகத்தின் மேல் நிற்கிறது. பள்ளியில் இன்று வகுத்தல் நடந்தால் சாயங்காலம் டியூஷனிலும் வகுத்தல்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பெருக்கல் என்றால் சம அளவுள்ள குழுக்களைச் சேர்ப்பது என்பதே பிடிபடாமல் இருக்கலாம். அதற்கும் கீழே போய்ப் பார்த்தால், ‘நூற்று ஐந்து’ என்று சொன்னதும் 1005 என்று எழுதும் பிள்ளையாக இருக்கலாம். இடமதிப்பு தெரியாத பிள்ளைக்கு வகுத்தலை எத்தனை முறை நடத்தினாலும், அது காதில் விழும் சத்தம், கையால் எழுதும் கோடு, அவ்வளவுதான்.

இது ஏதோ சில பிள்ளைகளின் நிலை என்று தள்ளிவிட முடியாது. பிரதம் அமைப்பு ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகப் போய் எடுக்கும் ‘அசர்’ ஆய்வில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைச் சரியாகச் செய்தவர்கள் 2022-இல் இந்திய அளவில் 25.6 விழுக்காடு, 2024-இல் 30.7 விழுக்காடு. அதாவது பத்தில் ஏழு பேர் இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பே எங்கோ நின்றுவிட்டார்கள், பாடம் மட்டும் அவர்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

அதே ஆய்வின்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பணம் கட்டி டியூஷன் போகும் பிள்ளைகளின் பங்கு 2018-இல் 26.4 விழுக்காடாக இருந்து 2022-இல் 30.5 விழுக்காடாக உயர்ந்தது. பீகாரில் அது 70 விழுக்காட்டைத் தாண்டியது. அங்கும் ஐந்தாம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வகுத்தல் வரவில்லை. டியூஷனும் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்று வாதிடலாம். இருக்கலாம். நான் கேட்பது வேறு. ‘டியூஷன் வைத்தால் வந்துவிடும்’ என்பது பெற்றோருக்குக் கொடுக்கப்படும் வாக்குறுதி. பத்தில் ஏழு பேர் டியூஷன் போகும் இடத்தில் பாதிப் பேருக்குக்கூட வராவிட்டால், அந்த வாக்குறுதிக்கு என்ன மதிப்பு?

2. தவறான வழியில் இருபது கணக்கு போட்டால் அதற்குப் பெயர் பயிற்சியா?

நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமியின் ரஃப் நோட்டில் உள்ள கழித்தல் கணக்குகளைத் தருகிறேன். பொறுமையாகப் பாருங்கள்.

86 − 52 = 34
72 − 38 = 46
975 − 432 = 543
500 − 123 = 423
403 − 168 = 365

முதலாவதும் மூன்றாவதும் சரி. மற்ற மூன்றும் தவறு. ‘கவனம் தேவை’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. டியூஷனிலும் அதையே சொல்லி, இன்னும் பத்துக் கணக்கு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கவனக்குறைவா? மூன்று தவறுகளும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. எந்த இடத்தில் மேலே சின்ன எண்ணும் கீழே பெரிய எண்ணும் இருக்கிறதோ, அங்கெல்லாம் அவள் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். எப்படிப் போட்டாய் என்று கேட்டால் தயங்காமல் சொல்கிறாள்: “ரெண்டுல எட்டு போகாதுல்ல? அதான் எட்டுல ரெண்டு போக ஆறு.” இவ்வளவு ஒழுங்காக ஒரு விதியைப் பின்பற்றும் பிள்ளையைக் கவனம் இல்லாதவள் என்று சொல்வது பெரிய அநியாயம். அவள் கூர்ந்து யோசித்திருக்கிறாள். யோசித்த இடம் தவறு. எண்ணை முழு எண்ணாகப் பார்க்காமல், மேலும் கீழுமாக எழுதிய தனித்தனி இலக்கங்களாகப் பார்க்கிறாள். இப்படிப்பட்ட தவறுகள் தற்செயலானவை அல்ல, அவற்றுக்குள் விதி இருக்கிறது என்பதை 1970-களிலேயே ஆய்வாளர்கள் வகைப்படுத்திக் காட்டிவிட்டார்கள்.

இவளுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் என்ன ஆகும்? அந்தத் தவறான விதி பத்து முறை உறுதிப்படும். கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளில் அது சரியான விடையைக் கொடுப்பதால், விதி சரிதான் என்ற நம்பிக்கையும் கூடவே வளரும்.

அடுத்த கட்டம் இன்னும் முக்கியமானது. யாரோ ஒருவர் தவறைக் கண்டுபிடித்து, “பக்கத்துல கடன் வாங்கணும்” என்று சொல்லிக் கொடுக்கிறார். 72 − 38 சரியாகிவிடுகிறது. பிறகு 403 − 168 வருகிறது. மூன்றில் எட்டு போகாது, பக்கத்தில் பூஜ்யம். கடன் கொடுக்க அங்கே ஒன்றுமில்லை. அவள் மூன்றைப் பதின்மூன்று ஆக்கி எட்டைக் கழிக்கிறாள், ஐந்து. பூஜ்யத்துக்கு நூறிலிருந்து வாங்கிப் பத்து ஆக்கி ஆறைக் கழிக்கிறாள், நான்கு. மீதமுள்ள மூன்றில் ஒன்று போக இரண்டு. விடை 245. சரியான விடை 235. மூன்றைப் பதின்மூன்றாக்கிய அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவே இல்லை. அவளுக்கு அது பத்து அல்ல, மூன்றுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் ஒரு கோடு. ஒரு விதியின் இடத்தில் இன்னொரு விதி வந்து உட்கார்ந்தது. கணக்கு வரவில்லை.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஏழு கட்டும் இரண்டு உதிரியும் அவள் கையில் கொடுத்து, “இதிலிருந்து முப்பத்தெட்டு குச்சி எனக்குக் கொடு” என்று கேட்டிருந்தால் போதும். எட்டு உதிரி வேண்டும், இருப்பதோ இரண்டு. ஒரு கட்டை அவிழ்க்காமல் கொடுக்க முடியாது என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடும். அவிழ்த்த பிறகு ஆறு கட்டுதான் இருக்கிறது என்பதும் கண் முன்னால் தெரியும். நூறு குச்சிக் கட்டு நான்கும் மூன்று உதிரியும் கொடுத்தால், நூறை முதலில் பத்துக் கட்டுகளாக்கி, அதில் ஒன்றை அவிழ்க்க வேண்டும் என்பதையும் அவளே கண்டுபிடிப்பாள். அதற்குப் பிறகு கொடுங்கள் பயிற்சியை, எத்தனை வேண்டுமானாலும். புரிந்த பிறகு கொடுத்தால்தான் பயிற்சி கையைப் பழக்கும். அதற்கு முன்னால் கொடுத்தால் தவறைத்தான் பழக்கும்.

3. மதிப்பெண் ஏறியது எதற்குச் சான்று?

பரீட்சையில் வருவது பாடப் பயிற்சியில் உள்ள அதே வகைக் கணக்கு. டியூஷனில் போட வைப்பதும் அதே வகை. எண்களை மாற்றி அதே படிகளைப் போட்டால் மதிப்பெண் வந்துவிடும். அமெரிக்காவில் ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மறக்க முடியாத சான்று. ‘பென்னி’ என்று அவர் குறிப்பிடும் ஆறாம் வகுப்பு மாணவன், கணக்கில் நன்றாக முன்னேறுவதாக ஆசிரியர்கள் கருதிய பையன். தேர்வுகளில் தேறித் தேறி அடுத்தடுத்த நிலைக்குப் போனவன். எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, பத்தில் ஐந்து பங்கு என்பதைத் தசமத்தில் 1.5 என்று எழுதுகிறான், பத்தில் இரண்டு பங்கை 1.2 என்கிறான். மேலும் கீழும் கூட்டிப் புள்ளி வைத்துக்கொள்வது அவனுடைய விதி. கணக்கு என்பது யாரோ போட்டு வைத்த விதிகளைத் துரத்துவது என்று அவன் நம்பினான். மதிப்பெண்ணைப் பார்த்தவர்கள் யாருக்கும் இது தெரியவில்லை. பேசியவருக்குத் தெரிந்தது.

நம் டியூஷன்கள் இந்த விதி துரத்தலை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டன. ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி, ‘தலா’ என்று வந்தால் வகு. வாக்கியக் கணக்கைப் படிக்க வேண்டாம், சொல்லைத் தேடினால் போதும் என்று பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். சரி, இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: கூடையில் சில மாம்பழங்கள் இருந்தன, அக்காவுக்கு ஐந்து கொடுத்த பிறகு மீதி பன்னிரண்டு இருக்கிறது, முதலில் எத்தனை இருந்தன? ‘மீதி’யைப் பிடித்த பிள்ளை ஏழு என்று எழுதும். ஐந்து பழம் கொடுத்த பிறகும் பன்னிரண்டு கையில் இருக்கும்போது, முதலில் ஏழுதான் இருந்தது என்று எழுதுவதில் உள்ள அபத்தம் அந்தப் பிள்ளைக்கு உறைக்காது, ஏனென்றால் கூடையையும் பழத்தையும் அது நினைத்தே பார்க்கவில்லை. ‘மிஸ், இது கூட்டலா, கழித்தலா?’ என்று கேட்கும் ஒவ்வொரு பிள்ளையும் இந்தப் பயிற்சியின் விளைவு.

சமக்குறியின் கதையும் இதுதான். 8 + 4 = ☐ + 5 என்ற கணக்கை அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேருக்குக் கொடுத்தார்கள். 1999-இல் வெளியான ஆய்வு அது. ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. பெரும்பாலோர் 12 என்றார்கள், சிலர் 17 என்றார்கள். இரண்டு பக்கமும் சமம் என்பதற்கான குறி, அவர்களுக்கு ‘விடையை இங்கே எழுது’ என்ற கட்டளையாக மட்டுமே தெரிந்திருந்தது. ஆயிரக்கணக்கான கணக்குகளைப் போட்டு முடித்த பிள்ளைகள் அவர்கள். நாளைக்கு இயற்கணிதம் வரும்போது எங்கே இடிபடப் போகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

4. ‘நாங்களெல்லாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணித்தான் வந்தோம்’ என்பது பதிலாகுமா?

வாய்ப்பாடு வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது யோசிக்காமல் நாவில் வந்தால்தான், மூளைக்குப் பெரிய கணக்கைப் பற்றி யோசிக்க இடம் கிடைக்கும். அதை நான் மறுக்கவில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள் என்று பெருமையோடு சொல்பவர்கள், அந்த மனப்பாடம் எதோடு சேர்ந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நெல் அளவும் நில அளவும் நாணயமும் அந்தச் சுவடிகளிலேயே இருந்தன. பிள்ளை ஒப்பித்த எண்ணுக்கு மரக்கால் இருந்தது, குழி இருந்தது, களத்துமேட்டில் அதன் பயன் இருந்தது. இன்று எட்டாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம், எட்டுப் பேருக்குத் தலா ஏழு மிட்டாய் கொடுக்க எத்தனை வாங்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ‘தலா’வைக் கேட்டு வகுக்கத் தொடங்கினால், குறை மனப்பாடத்தில் இல்லை, மனப்பாடத்தோடு நிறுத்திக்கொண்டதில்தான் இருக்கிறது.

5. வேகம் வந்தால் அறிவு வந்துவிடும் என்பது விற்பனைப் பேச்சு.

அபாகஸ் வகுப்பு விளம்பரங்கள் மூளை வளர்ச்சி, நினைவாற்றல், மன ஒருமைப்பாடு என்று அடுக்குகின்றன. குஜராத்தின் வடோதராவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து மூன்று ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது, 2016-இல் அதன் முடிவுகள் வெளியாயின. மன அபாகஸ் பயின்ற பிள்ளைகளின் கணக்கிடும் திறன் ஓரளவு கூடியது. பொதுவான அறிவுத் திறன்களில் மாற்றம் ஏதும் தென்படவில்லை. பிடித்துப் போகும் பிள்ளை போகட்டும். வகுத்தல் புரியாத பிள்ளைக்கு அதை மருந்தாக விற்காதீர்கள்.

6. சொல்லிக் கொடுக்கப் பெரிய படிப்பு வேண்டும் என்ற நம்பிக்கையும் தவறு.

‘நல்ல சார்’ கிடைத்தால் போதும், அவர் அதே பாடத்தைத் தெளிவாக நடத்திவிடுவார் என்று பெற்றோர் தேடி அலைகிறார்கள். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் நடத்திய ‘பால்சகி’ திட்டத்தை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து மதிப்பிட்டார்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேர் கொண்ட குழுவாகத் தனியே அழைத்துப் போய், தினமும் இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் அதே பகுதியைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள். சம்பளமும் சொற்பம். ஆனால் அவர்கள் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே வந்திருக்க வேண்டிய எண்ணையும் எழுத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது, அதிகம் பயன் பெற்றவர்கள் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே.

நம் மாநிலத்தில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் இதற்குச் சான்று. அதன் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே தெருப் பெண்களாக இருந்தார்கள், ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாயாக இருந்தது. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு, கொரோனாக் காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் கண்டறிந்தது. ஆகவே தெருவில் இருக்கும் அந்த அக்காவிடம் குறையில்லை. அவரால் முடியும். அவர் கையில் நாம் கொடுத்திருக்கும் வேலைதான் தவறு. ஹோம்வொர்க்கை முடித்து அனுப்பு என்கிறோம், அவரும் முடித்து அனுப்புகிறார்.

பள்ளிக்கூடமே மாறத் தொடங்கிவிட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் கற்றல் நிலையை வைத்துக் குழு பிரிக்கிறார்கள். எல்லாப் பள்ளியிலும் அது எழுதியபடி நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற கொள்கையாவது அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது. அப்படித் தொடங்கும் சுதந்திரம் பள்ளியைவிட அதிகமாக உள்ள, பாடத்திட்டக் கெடு எதுவும் இல்லாத டியூஷன் மட்டும் ஏன் புத்தகத்தின் பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும்?

7. இதில் என்ன நஷ்டம், போனால் போகட்டுமே என்பவர்களுக்கு.

மாதா மாதம் போகும் பணமும் விளையாடாமல் போன சாயங்காலங்களும் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். அதைவிடக் கொடியது பிள்ளையின் மனதில் நடப்பது. பள்ளியில் கேட்டது புரியவில்லை. அதையே டியூஷனில் இன்னொரு முறை கேட்டும் புரியவில்லை. வீட்டில் பணம் கட்டியிருக்கிறார்கள், அம்மா திட்டுகிறார். எட்டு வயதுப் பிள்ளை இதிலிருந்து எடுக்கக்கூடிய முடிவு ஒன்றுதான்: ‘எனக்குக் கணக்கு வராது.’ பெரியவர்களாகிய நாமும் அதற்குக் ‘கணக்கு மூளை இல்லை’ என்று முத்திரை குத்துகிறோம். பத்துக்குள் உள்ள எண்களைப் பிரித்துச் சேர்க்க யாரும் சொல்லித் தராததற்கு, பிள்ளையின் மூளை மேல் பழி. எட்டு வயதில் விழுந்த இந்த முத்திரைதான், பதினொன்றாம் வகுப்பில் கணக்கு வேண்டாம் என்று பிரிவு எடுக்க வைக்கிறது. படித்த பெற்றோர் உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே யாராவது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சிக்கலை அவிழ்த்துவிடுவார்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு டியூஷனை விட்டால் வேறு கதி இல்லை. அதனால்தான் அந்த டியூஷன் நேரம் வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அடுத்த மாதக் கட்டணத்தைக் கொடுக்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை பாடம் முடிந்தது, எத்தனை மதிப்பெண் வரும் என்று கேட்காதீர்கள். ‘என் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது, அது எப்படி உங்களுக்குத் தெரிந்தது?’ என்று கேளுங்கள். ஒரு மாதத்துக்கு ஹோம்வொர்க் முடியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லுங்கள். பள்ளியில் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்றும் சொல்லுங்கள். பிள்ளை எப்படிப் போட்டது என்று கேட்கும் பழக்கம் உள்ளவராக இருந்தால், அவர் பிளஸ் டூ படித்தவராக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இன்னும் பத்துக் கணக்கு கொடுத்து அனுப்புபவராக இருந்தால், எம்.எஸ்சி. கணிதம் படித்தவராக இருந்தாலும் பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள்.